நெருப்பில்லாமல் புகையுமா? - பேய்ஸ் தேற்றம் பற்றிச் சில குறிப்புகள்

1

'நெருப்பில்லாமப் புகையுமா?' என்று யாராவது கேட்டால் அது கேள்வி அல்ல, தீர்ப்பு. ஒரு பெண்ணைப் பற்றியோ, வேலையிடத்தில் ஒருவரைப் பற்றியோ, ஊருக்குப் புதிதாகக் குடிவந்த குடும்பத்தைப் பற்றியோ ஏதோ பேச்சு அடிபடுகிறது. ஒருவர் இந்தப் பழமொழியை எடுத்துப் போடுகிறார். மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். விசாரணை முடிந்துவிடுகிறது. இதன் தர்க்கம் எங்கே இடறுகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், கல்லூரியில் சூத்திரமாக மனப்பாடம் செய்து, பரீட்சையில் எழுதி, மறந்தும் போன பேய்ஸ் தேற்றம் எனக்குத் திரும்ப ஞாபகம் வந்தது. பெயரைக் கேட்டே பயந்துவிட்ட சகமாணவர்கள் உண்டு. பயப்பட ஒன்றுமில்லை. கூட்டலும் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். ஆனால் கணிதப் பாடத்துக்கு வெளியே, நீதி, அதிகாரம், சந்தேகம் ஆகியவற்றைப் பற்றி இந்தத் தேற்றம் சொல்வது நிறைய இருக்கிறது என்பது என் எண்ணம். இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

பழமொழிக்குள் இரண்டு வாக்கியங்கள் ஒன்றாகக் குழைந்து கிடக்கின்றன. 'நெருப்பு இருந்தால் புகை இருக்கும்' என்பது ஒன்று. 'புகை இருந்தால் நெருப்பு இருக்கும்' என்பது மற்றொன்று. தமிழில் 'ஆல்' என்னும் சின்ன விகுதி எந்தச் சொல்லோடு ஒட்டுகிறது என்பதில்தான் வித்தியாசமே இருக்கிறது. விகுதியை இடம் மாற்றினால் வாக்கியத்தின் பொருள் மட்டுமல்ல, அதன் உண்மையும் மாறிவிடும். இது நம் மரபு அறியாத விஷயம் அல்ல. மணிமேகலை தன் தர்க்கப் பகுதியில் மலைமேல் புகையைக் கண்டு நெருப்பை ஊகிக்கும் உதாரணத்தை எடுத்துக்கொண்டு, பக்கம், ஏது, திட்டாந்தம் என்று உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பேசுகிறது. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை; ஆகவே புகையிலிருந்து நெருப்புக்குப் போகும் வழியும் நெருப்பிலிருந்து புகைக்குப் போகும் வழியும் வேறு வேறு என்று நியாய மரபினர் எச்சரித்திருக்கிறார்கள்.

பழைய தர்க்கம் 'எப்போதும்' என்ற சொல்லோடு வேலை செய்தது. நம் வாழ்க்கையோ 'பெரும்பாலும்', 'சில சமயம்', 'அபூர்வமாக' என்ற சொற்களில் நடக்கிறது. அந்த உலகத்தில் வாக்கியத்தைத் திருப்பிப் போட வேண்டுமானால் என்ன விலை கொடுக்க வேண்டும்? பேய்ஸ் தேற்றம் அந்த விலையைச் சொல்கிறது.

2

ஒரு கணக்கிலிருந்து தொடங்குவோம். ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கும் ஒரு நோய். அதற்கு ஒரு சோதனை. நோய் உள்ளவரை அது தவறவிடுவதே இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஆனால் நோய் இல்லாதவர்களில் 100க்கு 5 பேருக்கு 'இருக்கிறது' என்று தப்பாகச் சொல்லிவிடும். நோயின் அறிகுறி எதுவும் இல்லாத ஒருவர் சும்மா சோதித்துப் பார்க்கிறார். 'பாஸிட்டிவ்' என்று வருகிறது. அவருக்கு உண்மையில் நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு?

நண்பர்களிடம் கேட்டுப் பார்த்தேன். "இதுல என்ன யோசிக்க இருக்கு, தொண்ணூத்தஞ்சு பர்சென்ட்" என்றார் ஒருவர். "அஞ்சு பர்சென்ட்தான தப்பு, மிச்சம் சரிதான?" என்றார் இன்னொருவர். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இதே கணக்கை ஹார்வர்டு மருத்துவப் பள்ளி சார்ந்த மருத்துவர்களும் மாணவர்களுமாக 60 பேரிடம் கேட்டு, முடிவை 1978இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். சரியான விடை சொன்னவர்கள் 11 பேர்தான். மிக அதிகமானவர்கள் சொன்ன விடை 95 சதவீதம். சரியான விடை 2 சதவீதம்.

எப்படி? சூத்திரத்தைத் தள்ளிவைத்துவிட்டு, ஆயிரம் பேரை ஒரு மைதானத்தில் நிறுத்துங்கள். அவர்களில் ஒருவருக்கு நோய் இருக்கிறது. அவருக்குச் சோதனை பாஸிட்டிவ் காட்டும். மீதி 999 பேருக்கு நோய் இல்லை. ஆனாலும் அவர்களில் 100க்கு 5 வீதம், ஏறத்தாழ 50 பேருக்குப் பாஸிட்டிவ் வரும். இப்போது பாஸிட்டிவ் வந்தவர்களை மட்டும் தனியாக ஒரு பக்கம் வரச் சொல்லுங்கள். 51 பேர் வருகிறார்கள். அவர்களில் நோயாளி ஒருவர். 51இல் 1 என்றால் சுமார் 2 சதவீதம். அவ்வளவுதான். நிபந்தனை நிகழ்தகவு என்று பாடப்புத்தகம் மிரட்டுவது, இப்படிக் கூட்டத்தைச் சுருக்கிவிட்டு மறுபடி எண்ணுகிற வேலையைத்தான்.

என் நண்பர்கள் தவறியது எங்கே? கணக்கில் கொடுக்கப்பட்டது 'நோய் இல்லையென்றால் பாஸிட்டிவ் வர வாய்ப்பு 5 சதவீதம்' என்ற வாக்கியம். அவர்கள் அதை 'பாஸிட்டிவ் வந்தால் நோய் இல்லாமலிருக்க வாய்ப்பு 5 சதவீதம்' என்று திருப்பிப் படித்துக்கொண்டார்கள். விகுதி இடம் மாறிவிட்டது. திருப்பும்போது ஒரு எண் கையைவிட்டு நழுவியும் போனது: ஆயிரத்தில் ஒருவர் என்ற எண். சோதனைக்கு முன்பே உலகம் எப்படி இருந்தது என்பதைச் சொல்லும் எண் அது. இதை முன் நிகழ்தகவு என்பார்கள்.

இப்போது சூத்திரத்தை எழுதலாம். 'நி' என்பது நிகழ்தகவு. நடுவில் நிற்கும் கோட்டை 'என்று தெரிந்த நிலையில்' என்று வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும்.

நி(நோய் | பாஸிட்டிவ்) = நி(பாஸிட்டிவ் | நோய்) × நி(நோய்) ÷ நி(பாஸிட்டிவ்)

நிரூபணம் இரண்டு வரி. நோயும் பாஸிட்டிவும் சேர்ந்தே இருப்பவர்களை எண்ண இரண்டு வழிகள் உண்டு. முதலில் நோயாளிகளைப் பிரித்து, அவர்களுக்குள் பாஸிட்டிவ் எத்தனை என்று பார்க்கலாம். அல்லது முதலில் பாஸிட்டிவ் வந்தவர்களைப் பிரித்து, அவர்களுக்குள் நோயாளி எத்தனை என்று பார்க்கலாம். எந்த வழியில் போனாலும் வந்து சேர்வது அதே ஆட்கள். ஆகவே இரு பெருக்கல்களும் சமம். ஒரு பக்கத்தை வகுத்து அனுப்பினால் தேற்றம். வகுக்கும் எண்ணில்தான் கவனம் வேண்டும்: பாஸிட்டிவ் வரக்கூடிய எல்லா வழிகளையும் அதில் கூட்ட வேண்டும். இங்கே 1 × 0.001, அதோடு 0.05 × 0.999. மொத்தம் 0.05095. மேலே 0.001. வகுத்தால் 0.0196.

எனக்கு இதைவிடப் பிடித்த வடிவம் ஒன்று உண்டு. 'நோய் உண்டு' என்பதற்கும் 'இல்லை' என்பதற்கும் உள்ள பழைய விகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: 1க்கு 999. சான்றின் பலம் என்ன? நோய் இருந்தால் இந்தச் சான்று வர உள்ள வாய்ப்பை, நோய் இல்லாவிட்டால் வர உள்ள வாய்ப்பால் வகுக்க வேண்டும்: 1 ÷ 0.05, அதாவது 20. பழைய விகிதத்தைச் சான்றின் பலத்தால் பெருக்கினால் புதிய விகிதம்: 20க்கு 999. ஒரு சான்று நம் நம்பிக்கையை இருபது மடங்கு கூட்டியிருக்கிறது. ஆனால் ஆரம்பித்த இடம் அவ்வளவு பள்ளத்தில் இருந்ததால் ஏறியும் மேலே வந்துசேரவில்லை. இரண்டாவது தடவை சோதித்து மறுபடி பாஸிட்டிவ் வந்தால் 400க்கு 999, சுமார் 29 சதவீதம். மூன்றாவது தடவையும் வந்தால் 8000க்கு 999, சுமார் 89 சதவீதம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இப்படிப் பெருக்கிக்கொண்டே போக வேண்டுமானால் ஒவ்வொரு சோதனையின் தவறும் மற்றதன் தவறோடு தொடர்பில்லாததாக இருக்க வேண்டும். ஒருவருடைய ரத்தத்தில் உள்ள ஏதோ ஒன்று சோதனையை ஏமாற்றுகிறது என்றால், அது மூன்று தடவையும்தான் ஏமாற்றும். அப்போது மூன்று சான்றுகள் என்று நாம் நினைப்பது உண்மையில் ஒரே சான்றுதான். வதந்திக்கும் இது பொருந்தும். "நாலு பேர் சொல்றாங்க" என்கிறோம். நாலு பேரும் ஒருவரிடமே கேட்டிருந்தால்?

3

தாமஸ் பேய்ஸ் இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்ற ஊரில் இருந்த மதகுரு; அரசுத் திருச்சபையை ஏற்காத பிரிவைச் சேர்ந்தவர். 1761இல் இறந்தார். இந்தத் தேற்றத்தைத் தன் வாழ்நாளில் அவர் வெளியிடவில்லை. அவருடைய தாள்களுக்கிடையில் அதைக் கண்டெடுத்த நண்பர் ரிச்சர்ட் பிரைஸ், திருத்தி ஒழுங்குசெய்து ராயல் சொசைட்டிக்கு அனுப்ப, 1763 டிசம்பரில் அங்கே வாசிக்கப்பட்டது. பிரான்சில் லாப்லாஸ் 1774இல் தானாகவே இதே இடத்துக்கு வந்துசேர்ந்தார். விளைவுகளிலிருந்து காரணங்களின் நிகழ்தகவுக்குப் போகும் வழி என்று அதை வளர்த்தெடுத்தவர் அவர்தான். அதற்கு முன்பு நிகழ்தகவுக் கணிதம் பெரும்பாலும் ஒரு திசையில்தான் போய்க்கொண்டிருந்தது: பாத்திரத்தில் இத்தனை வெள்ளைப் பந்து, இத்தனை கறுப்புப் பந்து, எடுத்தால் என்ன வரும்? பேய்ஸின் கேள்வி தலைகீழானது: எடுத்தது இது, பாத்திரத்துக்குள் என்ன இருக்கும்?

மருத்துவரும், துப்பறிபவரும், நீதிபதியும், பக்கத்து வீட்டுக்காரரும் தினம் கேட்பது இந்தத் தலைகீழ்க் கேள்வியைத்தான். விடை தப்பினால் யார் பாதிக்கப்படுகிறார் என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கு போதும்.

4

சாலி கிளார்க் ஒரு வழக்கறிஞர். அவருடைய முதல் ஆண் குழந்தை 1996 டிசம்பரில், பிறந்து சில வாரங்களில் இறந்தது. இரண்டாவது ஆண் குழந்தை 1998 ஜனவரியில், அதேபோலச் சில வாரங்களில் இறந்தது. இரண்டையும் தாயே கொன்றார் என்று வழக்கு. 1999 நவம்பரில் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

விசாரணையில் சாட்சியம் சொன்ன குழந்தை மருத்துவ நிபுணர் ராய் மெடோ ஓர் எண்ணைச் சொன்னார். வசதியான, புகைபிடிக்காத இப்படிப்பட்ட குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் தொட்டிலில் இறக்க வாய்ப்பு 8543இல் 1. இரண்டு குழந்தைகள் என்றால் 8543ஐ 8543ஆல் பெருக்க வேண்டும்: ஏறத்தாழ 7 கோடியே 30 லட்சத்தில் 1. இந்த எண் நீதிமன்றத்துக்கு வெளியே பத்திரிகைகளிலும் பரவியது. கேட்ட எவருக்கும் தோன்றியிருக்கக்கூடியது இதுதான்: அப்படியானால் இவர் நிரபராதியாக இருக்க ஏழு கோடியில் ஒரு வாய்ப்புத்தான்.

இரண்டு தவறுகள். முதலாவது, பெருக்கல். ஒரு குடும்பத்தில் ஒரு குழந்தை இப்படி இறந்தால், அதே பெற்றோர், அதே மரபணுக்கள், அதே வீடு என்ற காரணங்களால் அடுத்த குழந்தைக்கும் ஆபத்து கூடுதலாக இருக்கலாம். இரண்டு மரணங்களும் தொடர்பற்றவை என்று எடுத்துக்கொள்ள ஆதாரம் எதுவும் முன்வைக்கப்படவில்லை.

இரண்டாவது இன்னும் ஆழமானது. அந்த எண் சரியே என்று வைத்துக்கொண்டாலும், அது சொல்வது 'நிரபராதியாக இருந்தால் இப்படி நடக்க உள்ள வாய்ப்பு'. நீதிமன்றத்துக்குத் தேவையோ 'இப்படி நடந்திருந்தால் நிரபராதியாக இருக்க உள்ள வாய்ப்பு'. மறுபடியும் அந்த விகுதிதான். லாட்டரியை நினைத்துப் பாருங்கள். நேர்மையாகச் சீட்டு வாங்கிய ஒருவருக்கு முதல் பரிசு விழ வாய்ப்பு மிக மிகக் குறைவு. அதற்காக, பரிசு விழுந்தவரை மோசடிக்காரர் என்று பிடித்து உள்ளே போடுகிறோமா? யாரோ ஒருவருக்கு விழத்தான் செய்யும். அபூர்வமான ஒன்று நடந்துவிட்ட பிறகு, 'இது எவ்வளவு அபூர்வம்' என்று கேட்பதால் பிரயோஜனமில்லை. இதற்குச் சாத்தியமான விளக்கங்கள் என்னென்ன, அவற்றில் எது எதைவிட அபூர்வம் என்றுதான் கேட்க வேண்டும். ஒரு தாய் தன் இரண்டு கைக்குழந்தைகளை அடுத்தடுத்துக் கொல்வதும் மிக மிக அபூர்வமே. இரு குழந்தைகள் இறந்துபோன குடும்பங்களை மட்டும் அந்த மைதானத்தில் தனியாக நிறுத்தி எண்ணினால், கொலையை இயற்கை மரணம் மிஞ்சிவிடக்கூடும். தராசின் ஒரு தட்டில் மட்டும் எடையை வைத்துவிட்டு, மறு தட்டைப் பார்க்காமலே தீர்ப்பு எழுதியதாக ஆகிறது.

2000இல் முதல் மேல்முறையீடு தள்ளுபடியானது. 2001 அக்டோபரில் ராயல் புள்ளியியல் சங்கம் இந்த எண்ணைப் பயன்படுத்தியதைக் கண்டித்துப் பகிரங்கமாக அறிக்கை விட்டது. 2003 ஜனவரியில் இரண்டாவது மேல்முறையீட்டில் தண்டனை ரத்தானது. ரத்துக்கு முக்கியக் காரணம், இரண்டாவது குழந்தையின் உடலில் கிருமித் தொற்றைக் காட்டிய ஆய்வு முடிவுகள் எதிர்த்தரப்புக்குக் கொடுக்கப்படாமல் இருந்தது. புள்ளிவிவரச் சாட்சியமும் தனியாகவே மேல்முறையீட்டை அனுமதிக்கப் போதுமான காரணமாகியிருக்கக்கூடும் என்று நீதிமன்றம் குறிப்பிட்டது. மூன்று வருஷத்துக்கு மேல் சிறை. 2007இல் அவர் இறந்துபோனார்.

இந்த வகைத் தவறுக்கு 'அரசு வழக்கறிஞரின் பிழை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எதிர்த்தரப்புக்கும் ஒரு பிழை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு கோடிப் பேர் உள்ள நகரத்தில், பத்து லட்சத்தில் ஒருவருக்குப் பொருந்தும் தடயம் ஒன்று கிடைக்கிறது என்று வைப்போம். அது குற்றம்சாட்டப்பட்டவருக்குப் பொருந்துகிறது. அரசுத் தரப்பு, 'இவர் நிரபராதியாக இருக்கப் பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்பு' என்கிறது. தவறு, நகரத்தில் இன்னும் பத்துப் பேருக்கு அது பொருந்தும், வேறு ஆதாரமே இல்லையென்றால் இவர் குற்றவாளியாக இருக்க வாய்ப்பு 11இல் 1. எதிர்த்தரப்பு, 'பத்துப் பேருக்குப் பொருந்துவது ஒரு தடயமா? தூக்கி எறியுங்கள்' என்கிறது. அதுவும் தவறு, ஒரு கோடியில் ஒன்று என்றிருந்ததைப் பதினொன்றில் ஒன்றாக்கிய தடயம் அது. மற்ற ஆதாரங்களோடு சேரும்போது அதன் பலம் தெரியும். தேற்றம் யார் கட்சியும் அல்ல.

5

இதுவரை சொன்னதை வைத்து 'கணக்குத் தெரிந்தால் நீதி கிடைத்துவிடும்' என்று யாராவது முடிவுகட்டினால் எனக்கு அதில் சம்மதமில்லை. முன் நிகழ்தகவு என்ற அந்த எண்ணை யார் தருகிறார்கள்? நோயென்றால் மருத்துவமனைப் பதிவேடு தரும். குற்றம் என்றால்?

சென்னை மாகாண வரலாற்றில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. 1871இல் வட இந்தியாவில் கொண்டுவரப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் திருத்தப்பட்டு இங்கும் வந்தது. சில சாதியினர் பிறப்பிலேயே குற்றவாளிகள் என்று அறிவிக்கப்பட்டார்கள். கைரேகை பதிய வேண்டும். இரவில் காவலர் கண்ணில் பட வேண்டும். அனுமதிச் சீட்டு இல்லாமல் ஊர்விட்டு ஊர் போகக் கூடாது. மதுரைப் பகுதியில் பிரமலைக் கள்ளர்கள் இதை எதிர்த்தபோது 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டு, பலர் உயிரிழந்தார்கள். 1947இல்தான் இந்த மாகாணத்தில் சட்டம் ரத்தானது.

இந்தச் சட்டத்தை பேய்ஸ் தேற்றத்தின் மொழியில் எழுதினால் என்ன வரும்? முன் நிகழ்தகவு 1. சூத்திரத்தில் அதைப் போட்டுப் பாருங்கள். எந்தச் சான்றைக் கொண்டுவந்து பெருக்கினாலும் விடை 1தான். குற்றமற்றவர் என்று காட்டும் சான்றுக்கு அங்கே வேலையே கிடையாது. இதன் மறுபக்கமும் உண்டு: 'அவரு குடும்பத்துல அப்படிச் செய்யவே மாட்டாங்க' என்று சிலருக்கு நாம் கொடுத்துவைத்திருக்கும் பூஜ்யம். பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம். புள்ளியியலாளர் டென்னிஸ் லிண்ட்லி இதைத் தவிர்க்கச் சொன்னார். தர்க்கத்தால் முற்றாக நிரூபிக்கப்பட்டவை தவிர வேறெதற்கும் 0 என்றோ 1 என்றோ முன் நிகழ்தகவு வைக்காதீர்கள் என்றார். அதற்கு அவர் வைத்த பெயர் க்ராம்வெல் விதி. 'நீங்கள் தவறாகவும் இருக்கக்கூடும் என்று எண்ணிப் பாருங்கள்' என்ற பொருள்பட 1650இல் க்ராம்வெல் ஸ்காட்லாந்துத் திருச்சபைக்கு எழுதியதை நினைத்து வைத்த பெயர்.

சரி, சட்டம் போய்விட்டது; இப்போது புள்ளிவிவரத்திலிருந்து எடுக்கிறோம் என்பார்கள். அங்கேயும் கவனம் வேண்டும். இரண்டு தெருக்கள், ஒவ்வொன்றிலும் நூறு வீடு, இரண்டிலும் ஐந்து வீட்டில் களவுப் பொருள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தெருவில் நூறு வீட்டையும் சோதனை போடுகிறார்கள். மற்றதில் பத்து வீட்டை மட்டும். முதல் தெருவில் ஐந்தும் சிக்கும். மற்றதில் ஒன்று சிக்கினாலே அதிகம். அடுத்த வருஷம் இந்தப் பதிவேடே முன் நிகழ்தகவு ஆகிறது. முதல் தெருவுக்கு இன்னும் அதிகமான போலீஸ் போகிறது. பதிவேட்டில் இருப்பது 'குற்றம்' அல்ல, 'தேடினால் அகப்பட்ட குற்றம்'. இங்கும் ஒரு 'ஆல்' ஒளிந்திருக்கிறது. இப்போது கணினிகள் போடும் கணிப்புகளும் இந்தப் பதிவேடுகளைத் தின்று வளர்பவைதான்.

ஆனால் இதற்காகத் தேற்றத்தைத் தூக்கிப்போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மாறாக, சந்தேகப்படுபவரின் முன்முடிவை ஓர் எண்ணாக மேசைமேல் எடுத்து வைக்கச் சொல்வது இந்தத் தேற்றம்தான். முன்முடிவே இல்லாத மனிதர் கிடையாது. அது மறைந்திருக்கும்வரை பழமொழியாக உலவும்; வெளியே வைத்தால் 'இந்த எண் எங்கிருந்து வந்தது?' என்று எதிராளி கேட்க முடியும்.

ஆகவே, அடுத்த முறை யாராவது ஒருவரைப் பற்றி 'நெருப்பில்லாமப் புகையுமா?' என்றால் அவரிடம் மூன்று கேள்விகளை நான் கேட்கலாம் என்றிருக்கிறேன். நெருப்பு இருந்தால் இந்தப் புகை வர எவ்வளவு வாய்ப்பு? நெருப்பே இல்லாமல், பொறாமையாலோ, பகையாலோ, வெறும் பொழுதுபோகாமலோ இதே புகை வர எவ்வளவு வாய்ப்பு? புகையைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அந்த வீட்டில் நெருப்பு இருப்பதாக நீங்கள் எவ்வளவு நம்பிக்கொண்டிருந்தீர்கள், ஏன்? முதல் கேள்விக்குப் பதில் உடனே வந்துவிடும். இரண்டாவதற்குக் கொஞ்சம் யோசிப்பார். மூன்றாவதற்கு வரும் மௌனத்தில்தான் நாம் பேச வேண்டியது இருக்கிறது.